மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்கிறதா?

காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வேலைக்குத் திரும்பும் குமாஸ்தா, லீவு விண்ணப்பத்தோடு டாக்டர் சர்டிபிகேட்டையும் நீட்டுகிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹெட்கிளார்க் முதலில் பார்ப்பது எதை? நோயின் பெயரை அல்ல. டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா என்பதைத்தான். இல்லாவிட்டால் சர்டிபிகேட் திரும்பி வந்துவிடும். நான்கு நாள் சம்பளத்தைக் காப்பாற்ற நாம் கவனிக்கும் அந்த எண்ணை, உடம்பைக் காப்பாற்ற அதே டாக்டரிடம் போனபோது கவனித்தோமா என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

சொந்த ஊரில் இந்தக் கவலை குறைவு. டாக்டர் எந்தத் தெரு, யாருடைய பிள்ளை, எங்கே படித்தார் என்பதெல்லாம் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்குபவருக்கும், ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி வெளுப்பவருக்கும், வாத்துருத்தியிலிருந்து தினம் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அந்த வசதி கிடையாது. போர்டு மலையாளத்தில் இருக்கும். "நல்ல டாக்டர், ஒரே ஊசியில் நிறுத்திவிடுவார்" என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னது ஒன்றுதான் சிபாரிசு. ஒரே ஊசியில் நிறுத்துகிறவரிடம்தான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கொச்சியில் எழுதிய பழைய சர்டிபிகேட்

வைத்தியம் பார்ப்பவர் தம்மைப் பற்றிய விவரத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இதற்குக் கொச்சியிலேயே 350 ஆண்டுகளுக்கு முந்திய சாட்சி ஒன்று உண்டு.

டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில், இங்கே அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர் மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய நூலைத் தயாரித்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியது. செடிகளின் பெயரும் குணமும் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர், சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர்.

நூலின் முதல் பாகத்திலேயே இட்டி அச்சுதன் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரம் அச்சிடப்பட்டிருக்கிறது. 1675 ஏப்ரலில் எழுதியது. தம்முடைய ஜாதி, ஊர், வீட்டுப் பெயர், தம் முன்னோர் வைத்தியர்கள் என்ற விவரம், தாம் சொன்னவை குடும்ப ஏட்டிலிருந்தும் சொந்த அனுபவத்திலிருந்தும் வந்தவை என்ற உறுதிமொழி, இத்தனையும் அதில் உண்டு. படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன் என்கிற கருத்தும் இருக்கிறது. அதே மாதம் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்கள் கொங்கணி மொழியில் தனியாக ஒரு சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். மட்டாஞ்சேரியில் இன்றும் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி வாழ்கிறார்களே, அந்தச் சமூகத்தவர்கள்தாம். மொழிபெயர்த்துக் கொடுத்த இம்மானுவேல் கர்னேரோவும் தம் பங்குக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார்.

யார் நீ, எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய், இதற்குச் சாட்சி யார்? இன்றைக்கு மருத்துவக் கவுன்சில் ஒரு டாக்டரிடம் கேட்பதும் ஏறக்குறைய இவைதான்.

சட்டம் சொல்வது

டாக்டர்களைப் பட்டியலில் பதிவு செய்யும் முறை சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. கொச்சிப் பக்கத்துக்குத் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவத் தொழிலர் சட்டம் 1953-ல் வந்தது. நாடு முழுவதற்குமாக இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் 1956-ல் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். கேரளம் தன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. திருவிதாங்கூர்-கொச்சிக் கவுன்சில் என்ற பெயர் மாறி, கேரள மாநில மருத்துவக் கவுன்சில் என்று ஆகியது.

பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் என்ன தண்டனை? பழைய மத்தியச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 1,000 ரூபாயைப் போலி டாக்டர் ஒரே காலை வேளையில் சம்பாதித்துவிடுவார். புதிய சட்டத்தில் சிறை அதே ஓராண்டுதான். அபராதம் மட்டும் 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது.

கேரளத்துக்கென்று ஒரு தனி வழக்கும் உண்டு. பரம்பரை நாட்டு வைத்தியர்கள், தங்களுக்குப் பட்டமும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று வாதாடிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 ஏப்ரல் 13-ல் தீர்ப்பு வந்தது. அங்கீகாரம் பெற்ற தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். தாவர நூல் வல்லார்கள் இன்றும் போற்றுகிற இட்டி அச்சுதன், இன்றைக்கு வந்து ஒரு வைத்தியசாலை திறந்தால் அவர் மேல் வழக்குப் பாயும். ஆனால் அவர் காலத்தில் கல்லூரி இல்லை, பட்டமும் இல்லை. தம் கையில் இருந்த விவரம் அத்தனையையும் அவர் மறைக்காமல் வெளியே வைத்தார். இன்று சிலர் கல்லூரியில் காலெடுத்து வைத்ததை மட்டும் சொல்லி, படிப்பை முடித்தார்களா என்பதை மறைக்கிறார்கள்.

கோழிக்கோட்டில் நடந்தது

2024 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுவலியோடு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பணியில் இருந்த டாக்டர் பார்த்தார். நோயாளி இறந்துவிட்டார். இறந்தவரின் மகனே டாக்டர். தகப்பனாருக்குக் கொடுத்த சிகிச்சையில் அவருக்குச் சந்தேகம் எழுந்து விசாரித்தார். பல ஆண்டுகளாக அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்தாரே தவிர முடிக்கவில்லை என்பது தெரிய வந்தது. போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

மகன் டாக்டராக இல்லாமல் மூட்டை தூக்குபவராக இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் நமக்கு முக்கியம். பல ஆண்டுகளில் எத்தனையோ நோயாளிகள் அவர் முன்னால் வந்து போயிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவருடைய எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றாதது அவர்கள் குற்றமல்ல. பார்த்திருக்க வேண்டியது அவரை வேலைக்கு வைத்த நிர்வாகம்.

எண் உண்டு, கதை தெரியாது

சரி, எண் இருந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? உண்மையான பட்டமும் உண்மையான எண்ணும் இருந்தும், பழைய வரலாறு தெரியாததால் உயிர்கள் போனதாக ஆஸ்திரேலியாவில் பெரிய விசாரணையே நடந்தது.

குஜராத்தில் பிறந்து இந்தியாவில் படித்த ஜெயந்த் படேல் என்ற அறுவை டாக்டர் அமெரிக்காவில் தொழில் செய்தார். ஒரிகன் மாநில மருத்துவ வாரியம் 2000-ல் அவர் சில வகை அறுவைகளைச் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. நியூயார்க் உரிமத்தை 2001-ல் அவர் ஒப்படைத்துவிட்டார். 2003-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பதிவு கேட்டு விண்ணப்பித்தபோது, உரிமத்துக்கு எப்போதாவது தடையோ நிபந்தனையோ வந்தது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினார். ஒரிகனிலிருந்து வந்த சான்றிதழில் இணைப்பைப் பார்க்கவும் என்று குறிப்பு இருந்தது. இணைப்பு மட்டும் இல்லை. அது எங்கே என்று யாரும் கேட்கவில்லை! பண்டபெர்க் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அங்கே நோயாளிகள் இறந்தபோது குரல் எழுப்பியவர் டோனி ஹாஃப்மன் என்ற நர்ஸ். பழைய கட்டுப்பாட்டு உத்தரவை 2005-ல் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தவர் ஒரு பத்திரிகையாளர். அதற்கு அவர் ஒரிகனுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டுத் தேடினார், கிடைத்தது. மரணம் விளைவித்ததாக 2010-ல் படேலுக்குக் கிடைத்த தண்டனையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்தது. ஆனால் பொய் சொல்லிப் பதிவும் வேலையும் பெற்றதாக 2013-ல் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்துக் கதை இன்னும் பயங்கரம். ஹரால்டு ஷிப்மன் என்ற டாக்டர் 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000-ல் தண்டனை பெற்றார். 1976-லேயே அவர் பெத்திடின் என்ற போதை தரும் வலி மருந்துக்காகப் பொய்ச் சீட்டு எழுதி நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர். கவுன்சில் எச்சரித்து விட்டுவிட்டது. அவரிடம் வந்த நோயாளிகளுக்கு அது தெரிய வழியே இருக்கவில்லை.

இங்கே என்ன கேட்கிறார்கள்?

நம் நாட்டில் பதிவுக்கு வரும் டாக்டரிடம் பட்டச் சான்றிதழ், பயிற்சிக் காலம் முடித்த சான்றிதழ் முதலியவற்றைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் படித்து வந்த இந்தியர்கள் 2002-லிருந்து தனித் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து மாறி வருகிறவர், பழைய கவுன்சிலில் தம் மேல் குறை எதுவும் இல்லை என்று நற்சான்று வாங்கி வர வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகளே. என்ன படித்தார் என்பதை ஒழுங்காகப் பார்க்கிறார்கள். பதிவான பிறகு என்ன செய்தார் என்பதைப் பொதுமக்கள் அறிய வழி மிகக் குறைவு. தேசிய ஆணையத்தின் பட்டியலில் பெயர், பட்டம், பல்கலைக்கழகம், எண், ஆண்டு, கவுன்சில் ஆகியவை கிடைக்கும். அவர் மேல் வந்த புகார், வழக்கு, இழப்பீடு எதையும் அதில் காண முடியாது.

இதற்கு டாக்டர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கோபத்தில் கொடுக்கும் புகார்களையெல்லாம் பட்டியலில் ஏற்றினால் நல்ல டாக்டரின் பெயரும் கெடும் என்கிறார்கள். அமெரிக்காவில் 1990 முதல் டாக்டர்களின் இழப்பீடு, தண்டனை விவரங்களைச் சேர்த்து வைக்கும் தேசியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிகளும் உரிம வாரியங்களும் பார்க்கலாம், பொதுமக்கள் பார்க்க முடியாது. விசாரணை முடியாத புகாரை வெளியிட வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் விசாரித்துக் குற்றம் என்று தீர்ந்ததை அந்த டாக்டரின் பெயருக்கு எதிரிலேயே போட்டால் என்ன? இட்ட கட்டளையை மறைத்துத்தானே படேல் கடல் தாண்டி வேலை வாங்கினார்?

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி வருத்தமும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வருகிறவன் ஆதார் காட்ட வேண்டும், போட்டோ கொடுக்க வேண்டும். 2023-ல் ஆலுவாயில் ஒரு குழந்தை கொலையுண்ட பிறகு, வெளி மாநிலத் தொழிலாளர்கள் அனைவரிடமும் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. சாக்கு தூக்குகிறவனின் பழைய வரலாறு வேண்டும் என்கிற ஊரில், வயிற்றைக் கிழித்துத் தைக்கிறவரின் வரலாற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஏன் நினைக்க வேண்டும்?

எண்ணை எப்படிப் பார்ப்பது?

2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. டாக்டர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், சர்டிபிகேட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் போட வேண்டும். 2023-ல் புதிய விதிகள் வெளியாகி, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகவே 2002 விதிகளே நடைமுறையில் நிற்கின்றன.

எண்ணோடு எந்த மாநிலக் கவுன்சில் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கவுன்சிலும் தனியாக எண் கொடுப்பதால், தமிழ்நாட்டில் ஒருவருக்கு இருக்கும் எண் கேரளத்தில் வேறொருவருக்கு இருக்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் மொபைலில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலைத் திறந்து பெயரும் எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடும். எல்லா டாக்டர்களையும் ஆதாருடன் சேர்த்துப் பதியும் தேசிய மருத்துவப் பதிவேடு 2024 ஆகஸ்டில் தொடங்கியது; தொடக்கத்தில் பெயர்கள் மெதுவாகத்தான் ஏறின. அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவரைப் போலி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. மாநிலப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

போர்டில் 'ஆர்.எம்.பி.' என்று மட்டும் போட்டிருந்தால் அது பட்டம் அல்ல. பதிவு பெற்றவர் என்பதன் சுருக்கம்தான். எதிலே பதிவு என்று கேட்க வேண்டும். ஆயுர்வேதம், ஹோமியோபதி, சித்தா டாக்டர்களுக்கும் பதிவு உண்டு, ஆனால் பட்டியல் வேறு. ஒரு முறையைப் படித்தவர் இன்னொரு முறையில் மருந்து கொடுப்பது சின்ன விஷயமல்ல. பம்பாயில் ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் வைத்தியம் பார்ப்பவர் போலி வைத்தியரே என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் கூறி, 3 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் செய்தது.

கருவேலிப்படி, ஃபோர்ட் கொச்சி தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், மட்டாஞ்சேரி பெண்கள்-குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் இந்தச் சோதனை நமக்கு அவசியமில்லை. பதிவு இல்லாமல் சர்க்கார் டாக்டர் வேலை கிடைக்காது.

டாக்டரிடம் எண்ணைக் கேட்பது எப்படி என்று தயங்குகிறவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே "நீங்கள் டாக்டர்தானா?" என்று கேட்கச் சொல்லவில்லை. "சார், ஆபீசில் பில் காட்டணும், சீட்டில் உங்க ரிஜிஸ்டர் நம்பர் போட்டுக் கொடுங்க" என்றால் போதும். உண்மையான டாக்டர் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்துவார். "அதெல்லாம் எதற்கு" என்று எரிந்து விழுந்தால், மருந்தை வாங்குவதற்கு முன் வேறு இடம் பார்ப்பது நல்லது.

புகார் செய்ய வேண்டி வந்தால்

பதிவே இல்லாதவர் என்றால் போலீசிலும் மாவட்ட மருத்துவ அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். பதிவுள்ள டாக்டரின் நடத்தை பற்றியென்றால் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதைப் பல ஆஸ்பத்திரிகளில் வாயால் கேட்டால் நாளை வா என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மலையாளம் எழுதத் தெரியாதவர்கள் ஆங்கிலம் தெரிந்த நண்பரைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

கவுன்சில் டாக்டருக்கு எதிராக முடிவு செய்தால், தேசிய ஆணையத்திடம் மேல் முறையீடு செய்ய 2019 சட்டம் டாக்டருக்கு வழி வைத்திருக்கிறது. டாக்டருக்குச் சாதகமாக முடிவானால் நோயாளி எங்கே போவது என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. சட்டம் செய்தவர்கள் மறந்தார்களா, வேண்டாமென்று விட்டார்களா என்று புரியவில்லை. திருத்த வேண்டியது இது.

இழப்பீடு கேட்கிறவர்களுக்கு நுகர்வோர் நீதிமன்றம் தனியாக இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்த்துவிட்டது. எர்ணாகுளத்தில் மாவட்ட ஆணையம் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அங்கே முதலில் கேட்பது மருந்துச் சீட்டும் ரசீதும். ஆகவே உடம்பு தேறியதும் அவற்றைக் கிழித்துப் போடாமல், ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.